18 அங்குலக் கை பீட் ரோலர்: வாங்கலாம், ஆனால் பெட்டியில் வருவது பாதி இயந்திரம்தான்

பழைய காரை வீட்டில் வைத்து வேலை செய்பவர்களுக்கு எஞ்சினைவிடப் பெரிய தலைவலி தகடுதான். எஞ்சின் பாகங்களை எப்படியாவது தேடிப் பிடித்துவிடலாம். அரித்துப்போன தளத் தகட்டுக்கு அப்படி வழியில்லை. மினி, பீட்டில் போல உலகம் முழுவதும் ஆட்கள் வைத்துப் பராமரிக்கும் கார்களுக்குப் புதிதாக அச்சடித்த தளத் தகடுகள் விற்பனையில் உண்டு. எழுபதுகளின் டாட்சனோ கொரோலாவோ வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் தாங்களே செய்துகொள்ள வேண்டியதுதான். அதிலும் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் மெரபேங்க், பிளஃப், இசிபிங்கோ பக்கம் கடற்காற்றில் நின்ற வண்டி என்றால் தரைவிரிப்பைத் தூக்குவதற்கு முன்பே அடியில் என்ன இருக்கும் என்று சொல்லிவிடலாம். பெடலுக்குக் கீழே ஓட்டை. சீட் பிராக்கெட்டைச் சுற்றிச் செதில் செதிலாக உரியும் துரு. வாசல் ஓரமாக ஓடும் பெட்டிக்குள் ஈரம் தேங்கி உள்ளிருந்தே தின்றுவிட்ட தையல்.

அந்த இடத்தில் ஒரு தட்டைத் தகட்டை வெட்டி வைத்து வெல்டிங் செய்தால் ஓட்டை அடைபடும், ஆனால் தளம் ஆகாது. 1 மிமீ தட்டைத் தகட்டின் நடுவில் காலை ஊன்றினால் உள்ளே அமுங்கும், எடுத்தால் ‘டொக்’ என்று திரும்பி வரும். எஞ்சின் ஓடும்போது அதிரும். தொழிற்சாலைத் தளத்தில் வரிவரியாக ஓடும் மேடுகள் இருப்பது இதற்காகத்தான். அந்த வரிமேடுகளை வீட்டிலேயே உருட்டி எடுக்க உதவும் கருவிதான் பீட் ரோலர். டர்பன் கருவிக் கடைகளிலும் இணையத்திலும் கிடைக்கும் மலிவான 18 அங்குலக் கைச்சுற்று மாடலைப் பற்றியது இந்த விமர்சனம்.

நீலம், சிவப்பு, பச்சை, கறுப்பு என்று நிறமும் ஸ்டிக்கரும் மாறினாலும் கருவி ஒன்றேதான். தடித்த எஃகில் சி வடிவச் சட்டம். அதன் மேல்கையில் ஒன்று, கீழ்கையில் ஒன்று என்று இரண்டு 22 மிமீ ஷாஃப்ட். பின்னால் இரண்டையும் இணைக்கும் பற்சக்கர ஜோடி, முன்னால் தகட்டை நடுவில் அழுத்தி வடிவம் கொடுக்கும் உருளைகளான டைகள், மேலே அழுத்தம் கொடுக்க ஒரு போல்ட், பின்னால் ஒரு கைப்பிடி. சட்டத்தின் வாய் ஆழம் 18 அங்குலம், அதாவது 457 மிமீ. மென் எஃகில் 1.2 மிமீ வரை உருட்டும் என்று பெட்டியில் போட்டிருக்கும். கூட வரும் டைகள் பொதுவாக ஆறு ஜோடி. அவற்றில் கால், எட்டில் மூன்று, அரை அங்குலம் என்று மூன்று வரிமேட்டு டைகள், அதாவது 6.4, 9.5, 12.7 மிமீ. மீதியில் படி விழவைக்கும் டைகள் இருக்கும். சில பெட்டிகளில் தகடு வெட்டும் டையும் வரும். அதை அப்படியே ஓரமாக வைத்துவிடலாம். நல்ல கத்திரியோ மெல்லிய வட்டு போட்ட கிரைண்டரோ அதைவிடச் சுத்தமாக வெட்டும்.

காசுக்குத் தகுந்த கருவியா என்றால், ஆம். ஒரு நல்ல மிக் வெல்டரின் விலையில் சிறு பகுதிக்குக் கிடைக்கிறது. மின்சாரமும் தேவையில்லை, லோட் ஷெடிங் என்னும் மின்வெட்டு வந்தாலும் வேலை ஓடும். ஆனால் பெட்டியைப் பிரித்து, மேசையில் பூட்டி, நேராகத் தகட்டை உள்ளே விட்டால் ஏமாற்றம்தான் மிஞ்சும். ஒரு வார இறுதியைக் கருவிக்கே ஒதுக்கிச் சில இடங்களைச் சரிசெய்தால், பழைய காரின் தளம், ஃபயர்வால் (எஞ்சினுக்கும் உட்காரும் பகுதிக்கும் நடுவிலுள்ள தடுப்பு) மூடி, பேட்டரித் தட்டு, டனல் (தளத்தின் நடுவில் ஓடும் மேடு) பக்கத் தகடு, கதவின் உள்தகடு எல்லாம் இதிலேயே செய்யலாம்.

சட்டம் வளைவது

முதல் குறை, பெரிய குறை இதுதான். 1.2 மிமீ தகட்டை உள்ளே வைத்து மேல் போல்ட்டை இறுக்கிக்கொண்டே பக்கத்தில் நின்று பாருங்கள். மேல்கை தூக்கிக்கொண்டு வாய் விரிவது கண்ணுக்கே தெரியும். விரிவதோடு நின்றால்கூடப் பொறுக்கலாம், கொஞ்சம் முறுக்கிக்கொள்ளவும் செய்யும். சட்டம் பக்கவாட்டில் மெலிந்தது, அதனால் மேல் டை கீழ் டையின் பள்ளத்திலிருந்து ஒரு பக்கமாக ஒதுங்குகிறது. விளைவு இரண்டு. வரிமேடு ஆழமாக விழுவதில்லை. தகடு நேராகப் போகாமல் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போகிறது. பலர் தங்கள் கை சரியில்லை என்று நினைத்து இதோடு மல்லுக்கட்டுகிறார்கள். கையில் கோளாறு இல்லை, சட்டத்தில்தான்.

தீர்வு, சட்டத்தின் வெளி விளிம்பில் பாக்ஸ் பைப் வைத்து வெல்டிங் செய்வது. மேல்கையின் மேல்புறம், கீழ்கையின் அடிப்புறம் இரண்டுக்கும் 40×40×3 மிமீ போதும். பின்முதுகுக்கு 50×50×3. மூலைகளில் 6 மிமீ தகட்டில் முக்கோண முட்டுகள். வாயின் உட்பக்கம் எதையும் வைக்கக்கூடாது, தகடு போகிற இடம் அது. மேல்கைப் பைப்பை மூக்கு வரை கொண்டுபோகவும் வேண்டாம். 60, 70 மிமீ முன்னாலேயே நிறுத்திச் சாய்வாக வெட்டி மூடிவிடுங்கள். இல்லையென்றால், ஏற்கெனவே ஓரம் மடிந்த தகட்டைப் பிற்பாடு உருட்ட நேரும்போது அந்த மடிப்பு பைப்பில் இடிக்கும்.

வெல்டிங்கில் அவசரம் கூடாது. ஒரே பக்கமாக நீளத் தையல் போட்டால் சூட்டில் சட்டமே வளைந்து, சரிசெய்யப் போன கோணல் புதுக் கோணலாகிவிடும். 25 மிமீ தையல், எதிர்ப்பக்கம் 25 மிமீ தையல், ஆறவிட்டு அடுத்தது என்று போக வேண்டும். ஷாஃப்டுகளை உள்ளேயே வைத்துக்கொண்டு ஒவ்வொரு சுற்று வெல்டிங்குக்குப் பிறகும் கைப்பிடியைச் சுற்றிப் பாருங்கள். இறுகத் தொடங்கினால் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று தெரிந்துவிடும், எதிர்ப்பக்கம் தையல் போட்டுத் திருப்பலாம். எர்த் கிளாம்பை வெல்டிங் போடும் இடத்துக்குப் பக்கத்தில் சட்டத்திலேயே மாட்டுங்கள். கைப்பிடியிலோ ஷாஃப்டிலோ மாட்டினால் மின்சாரம் புஷ் (ஷாஃப்ட் உள்ளே சுழலும் வளையம்) வழியாகப் பாய்ந்து அதைக் கெடுத்துவிடும்.

டைகளும் ஷாஃப்டும்

டையை ஷாஃப்டில் பிடித்து வைப்பது ஒரு சிறிய கிரப் ஸ்க்ரூ, அதாவது தலையில்லாத ஸ்க்ரூ. ஷாஃப்ட் உருண்டையாக இருப்பதால் சுமை ஏறியதும் ஸ்க்ரூவின் முனை வழுக்குகிறது. கைப்பிடி சுற்றும், டை நிற்கும். அல்லது டை மெல்ல வெளிப்பக்கம் நகர்ந்து வரிமேடு கோணலாகும். ஸ்க்ரூ விழும் இடத்தில் ஷாஃப்டை அரத்தால் ஒரு மிமீ ஆழத்துக்குத் தட்டையாக்கிவிட்டு, பெட்டியில் வந்த மெத்தென்ற ஸ்க்ரூவைத் தூக்கிப் போட்டு 12.9 என்னும் உயர்வலிமைத் தர ஸ்க்ரூ போட்டால் இந்தத் தொல்லை ஒழிந்தது. சில மாடல்களில் ஷாஃப்டிலேயே கீவே, அதாவது டை வழுக்காமல் ஆப்பு வைக்கும் காடி, வெட்டியிருக்கும். அப்படிக் கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

மேல் டையின் மேடு கீழ் டையின் பள்ளத்துக்கு நட்டநடுவில் நிற்க வேண்டும், இரண்டு பக்கமும் உங்கள் தகட்டின் கனம் அளவுக்கு இடைவெளி இருக்க வேண்டும். 1 மிமீ தகட்டுக்கு இரு பக்கமும் 1 மிமீ. ஒரு பக்கம் அரை, மறுபக்கம் ஒன்றரை என்று இருந்தால் நெருக்கமான பக்கத்தில் தகடு அறுபடும், அகலமான பக்கத்தில் மேட்டின் விளிம்பு மழுங்கும். 22 மிமீ துளையுள்ள மெல்லிய ஷிம் வாஷர்கள், 0.1 முதல் 0.5 மிமீ வரை ஒரு கட்டு வாங்கி வைத்து, டைக்குப் பின்னால் கூட்டிக் குறைத்துச் சரிசெய்யலாம். டை மாற்றும்போதெல்லாம் இதைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு ஜோடிக்கும் எத்தனை ஷிம் என்று டையின் முகத்திலேயே எழுதி வையுங்கள்.

டைகளின் விளிம்பைத் தடவிப் பாருங்கள், லேத்திலிருந்து இறக்கியபடியே கூர்மையாக இருக்கும். அப்படியே உருட்டினால் மேட்டின் இரு ஓரத்திலும் கத்தியால் கீறியது போல் கோடு விழும். பெயிண்டுக்கு அடியில் அந்தக் கோடு தெரியும், அதிரும் இடமாக இருந்தால் அங்கேயே விரிசலும் தொடங்கும். டையை ஷாஃப்டில் மாட்டிச் சுற்றிக்கொண்டே 120 நம்பர் எமரி, பிறகு 400 பிடித்தால் விளிம்பு மழுங்கிவிடும்.

அழுத்தும் போல்ட்டுக்கு அளவுக் குறி எதுவும் கிடையாது. அதனால் முதல் வரியும் ஐந்தாவது வரியும் வேறு வேறு ஆழத்தில் விழும். போல்ட்டின் தலையில் ஒரு வட்டத் தகட்டை வெல்டிங் செய்து கால் சுற்றுக்கு ஒரு குறி போடுங்கள். போல்ட் சாதாரண மரையுள்ள எம் 12 என்றால் முழுச் சுற்றுக்கு 1.75 மிமீ இறங்கும், கால் சுற்றுக்கு ஏறக்குறைய 0.44 மிமீ. இனி எத்தனையாவது குறி என்று எண்ணினாலே எல்லா வரியும் ஒரே ஆழம்.

பற்சக்கரங்கள் திறந்தபடி கிடக்கின்றன. குழந்தைகள் ஓடும் வீட்டுக் கராஜில் இது ஆபத்து. இந்தக் கருவியில் முதலில் செய்ய வேண்டிய பாகம் அதற்கான மூடிதான். 1 மிமீ தகட்டில் இரண்டு வரிமேடு போட்டு மடித்துப் பூட்டினால் பழகியது போலும் ஆச்சு, மூடியும் ஆச்சு. உருட்டும்போது கையுறை போடாதீர்கள், டைகளுக்கு நடுவில் துணி சிக்கினால் விரலும் கூடவே போகும். அதற்குப் பதிலாக, வேலைக்கு முன்பே தகட்டின் நான்கு ஓரத்தையும் அரத்தால் மழுக்கிவிடுங்கள்.

ஒரே ஆள், இரண்டு கை

கைப்பிடி பின்னால் இருக்கிறது, டை முன்னால் இருக்கிறது. தகட்டைக் கோட்டில் பிடித்து நடத்த இரண்டு கையும் வேண்டும். ஆக இன்னொரு ஆள் சுற்றினால்தான் வேலை நடக்கும். மகனோ தம்பியோ சுற்றுவதாக இருந்தால் குறுகிய கைப்பிடியைக் கழற்றிவிட்டு ஒரு பழைய ஸ்டீயரிங் வீலை மாட்டிவிடுங்கள். வட்டம் பெரிதானதால் சுமை குறையும், நிறுத்தவும் பின்னால் திருப்பவும் லகுவாக இருக்கும், சீராகவும் சுற்றும். சீராகச் சுற்றுவதுதான் முக்கியம். இடையில் வெட்டி வெட்டி நிறுத்திய இடமெல்லாம் மேட்டில் சிறு முடிச்சாகத் தெரியும்.

தனியாக வேலை செய்பவருக்கு மோட்டார் வேண்டும். வைப்பர் மோட்டார் போட்டுப் பார்ப்பவர்கள் உண்டு, 1 மிமீ எஃகில் அது திணறும். கியர்பாக்ஸோடு வரும் கனமான மோட்டார், டை நிமிடத்துக்குப் பத்துச் சுற்று அளவில் ஓடும்படி, காலால் மிதிக்கும் சுவிட்சோடு, முன்னும் பின்னும் திரும்பும் வசதியோடு இருந்தால் சரி. மிதியை விட்டதும் உடனே நிற்க வேண்டும். ஓரிரு சுற்று ஓடி நிற்கிற மோட்டார் கருவியையும் கெடுக்கும், விரலையும் கெடுக்கும்.

கூட வரும் தட்டையான அடியை வைஸில் கடித்து வேலை செய்யச் சொல்கிறார்கள். ஆடும். 75×75 பைப்பில் தனி நிற்கால் செய்து, தரையில் போல்ட் போட்டு, டைகள் உங்கள் முழங்கை உயரத்தில் வருமாறு நிறுத்துவதே சரி.

தளத் தகடு: எங்கே தவறும்

தகடு கோல்ட் ரோல்டு மென் எஃகு, 1 மிமீ. பழைய ஜப்பானிய, ஆங்கிலக் கார்களின் தளம் பெரும்பாலும் 0.8, 0.9 மிமீ. 1 மிமீ அதனோடு ஒத்துப்போகும். வெல்டிங்கும் பிடிக்கும், இந்தக் கருவியும் திணறாது. 1.2 மிமீ உருட்ட முடியும், ஆனால் கருவியின் எல்லையில் நிற்கிறீர்கள். இங்கே முழுத் தகடு 2450×1225 மிமீ அளவில் வரும். ஒரு சிறு காரின் இரண்டு பக்கத் தளத்துக்கும் பயிற்சித் துண்டுகளுக்கும் ஒரு தகடு போதும். துருப்பிடிக்காது என்று கால்வனைஸ் தகடு எடுக்க வேண்டாம். வெல்டிங்கில் எழும் துத்தநாகப் புகை காய்ச்சலைக் கொண்டுவரும், தையலும் ஓட்டை ஓட்டையாக வரும். கோடைப் புழுக்கத்தில் வெறும் தகட்டில் இரவோடு இரவாகத் துரு படரும், எனவே வெட்டி முடித்ததும் மெல்லிய எண்ணெய் தடவி வையுங்கள், வெல்டிங்குக்கு முன் தின்னரால் துடைத்துவிடுங்கள். டைகளுக்கும் எண்ணெய்த் துணி வேண்டும்.

அட்டையில் அச்செடுத்து, நான்கு பக்கமும் 25 முதல் 30 மிமீ கூட்டி வெட்ட வேண்டும். இந்தக் கூடுதலை மிச்சம் பிடிக்க நினைப்பவர்தான் தகட்டை வீணாக்குவார். ஏன் என்று ஒரு கணக்கைப் பாருங்கள். 9.5 மிமீ டையில் உருட்டிய மேடு அடியில் ஏறக்குறைய 12 மிமீ அகலமும் 4 மிமீ ஆழமும் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த வளைவின் மேல் நாடாவை வைத்து அளந்தால் ஏறக்குறைய 15.5 மிமீ வரும். 12 மிமீ இடத்தில் 15.5 மிமீ தகடு உட்கார்ந்திருக்கிறது. கூடுதலான 3.5 மிமீயில் கொஞ்சம் தகடு நீண்டு கொடுக்கிறது, மீதி இரு ஓரத்திலிருந்தும் இழுபடுகிறது. ஐந்து வரி போட்டால் தகட்டின் அகலம் கண்கூடாகக் குறையும். முதலிலேயே சரியான அளவுக்கு வெட்டியவருக்குக் கடைசியில் வெல்டிங் இடைவெளி 5 மிமீ ஆகிவிடும்.

ஓரம் அலையடிப்பதற்கும் காரணம் இதுவே. வரிமேடு ஓரம் வரை போகாமல் 25 மிமீ முன்னால் நின்றுவிடுகிறது. நடுவில் தகடு சுருங்கிவிட்டது, ஓரம் சுருங்கவில்லை. நீளம் மிஞ்சிய ஓரம் அலைகிறது. வரி விழப்போகும் பாதையை முன்கூட்டியே மணல் பையின் மேல் வைத்து லேசாகத் தட்டியோ, ஆங்கிலச் சக்கரம் (தகட்டை இரு சக்கரத்துக்கு நடுவில் அழுத்தி நீட்டும் கருவி) இருந்தால் அதில் ஓட்டியோ நீட்டிவிட்டால் அலை பெருமளவு குறையும். ஓரத்தைச் சுருக்கும் கருவி இருந்தால் கடைசியில் அதில் நாலு கடி கடித்தாலும் போதும். தளத்தில் லேசான அலையைக் கிளாம்பு போட்டே அமுக்கிவிடலாம். ஃபயர்வால் மாதிரி கண்ணில் படும் இடத்தில் அது முடியாது.

வரிகளுக்கு இடைவெளி 75, 80 மிமீ. நடுவரியை முதலில் போட்டு வெளிப்பக்கம் இடம் வலமாக மாறி மாறிப் போக வேண்டும். ஒரு ஓரத்தில் தொடங்கி மறு ஓரம் வரை வரிசையாகப் போனால் தகடு விசிறிபோல் ஒரு பக்கம் திரும்பும். ஒவ்வொரு வரியையும் மூன்று தடவையாக இறக்குங்கள். முதல் ஓட்டத்தில் கோடு மட்டும் விழட்டும், மெதுவாக, கண் டையின் மேல் இல்லாமல் டைக்கு ஒரு விரற்கடை முன்னாலிருக்கும் கோட்டின் மேல். அந்த முதல் கோடு நேராக விழுந்துவிட்டால் அடுத்த இரண்டு ஓட்டமும் தானாகவே அதைப் பின்தொடரும். கோணினால் அங்கேயே நிறுத்தித் தட்டி எடுத்துவிடுங்கள். இரண்டாவது ஓட்டத்துக்குப் பிறகு திருத்த முடியாது. முடிவுக் குறிக்கு 15 மிமீ இருக்கும்போது போல்ட்டை அரைச் சுற்றுத் தளர்த்தினால் மேடு சரிந்து இறங்கி அழகாக முடியும், இல்லையென்றால் முனை வெட்டியது போல் நிற்கும், தகடு கிழியும் இடமும் அதுவே.

மடிப்புகளை வரிமேடு போட்ட பிறகே போட வேண்டும். முதலில் மடித்தால் அது சட்டத்தில் இடிக்கும், வரியும் மடிப்பை இழுத்துக் கோணலாக்கும். வாய் 457 மிமீ என்பதால் இரு பக்கமிருந்தும் விட்டால் 900 மிமீ அகலத் தகட்டின் நடுவரைக்கும் எட்டும். ஒரு பக்கத் தளத்துக்கு அது தாராளம்.

சீட்டும் சீட் பெல்ட்டும் பூட்டும் இடங்களில் வரிமேட்டை ஓட்டாதீர்கள். அங்கே தகடு தட்டையாக இருந்து, அடியில் 3 மிமீ வலுத் தகடு உட்கார வேண்டும். பெரும்பாலான பெல்ட் போல்ட்டுகள் 7/16 அங்குல யுஎன்எஃப் (அங்குல அளவு நெருக்க) மரை. அதற்குரிய நட்டை வலுத் தகட்டிலேயே வெல்டிங் செய்துவிடலாம். வண்டி கைமாறும்போது ரோட்வொர்த்தி (சாலைத் தகுதி) சோதனைக்கு நிற்க வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். இந்த இடங்களில் அரைகுறை வேலை இருக்கவே கூடாது, சோதனைக்காக மட்டுமில்லை, உட்கார்ந்து போகிறவருக்காகவும்.

படி டை: கடற்கரைக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை

இந்தக் கருவியை விற்பவர்கள் அதிகம் புகழ்வது படி டையைத்தான். புதுத் தகட்டின் ஓரத்தைப் படியாக இறக்கி, அந்தப் படியைப் பழைய தகட்டின் அடியில் உட்கார வைத்தால் மேல்புறம் சமமாக வரும். 8 மிமீ துளைகளை 35, 40 மிமீக்கு ஒன்றாகக் குத்தி அவற்றை நிரப்பி வெல்டிங் செய்தால் வேலை சீக்கிரம் முடியும், தகடும் அவ்வளவாக வளையாது. உண்மைதான். ஆனால் அந்தப் படியில் இரண்டு தகடு ஒன்றன்மேல் ஒன்று ஒட்டி நிற்கிறது. நடுவில் முடியிழை அளவு இடைவெளி, அதில் ஈரம், ஈரத்தில் உப்பு. உள்நாட்டில் பல வருடம் தாங்கும் இணைப்பு, நம் கடற்கரையில் உள்ளிருந்தே அரிக்கத் தொடங்கும். மேலே பெயிண்டு கொப்பளித்துத் தெரியவரும்போது உள்ளே ஒன்றும் மிஞ்சியிருக்காது.

எனவே மட்கார்டு, கதவு, பின்பக்கவாட்டு போன்ற வெளித்தகடுகளில் படி டை வேண்டவே வேண்டாம். அங்கே முனைக்கு முனை வைத்து, 0.6 மிமீ கம்பியில், ஆர்கானும் கார்பன் டை ஆக்சைடும் கலந்த வாயுவில், தள்ளித் தள்ளிப் புள்ளி வைத்து நிரப்புவதே சரி. தளத்தில் படி போடலாம், ஒரு நிபந்தனையோடு. ஒட்டும் இரு முகத்திலும் வெல்டிங் தாங்கும் பிரைமர், மேலும் கீழும் சீலர், கடைசியில் அடியிலிருந்து இடுக்குக்குள் மெழுகு பீய்ச்சல், இவை மூன்றும் வேண்டும். ஒன்றைக்கூட விடக்கூடாது. படியின் ஆழம் தகட்டின் கனத்துக்குச் சமமாக இருக்கிறதா என்றும் துண்டுத் தகட்டில் பாருங்கள். 1 மிமீ தகட்டுக்கு 1.6 மிமீ படி விழுந்தால் அந்த 0.6 மிமீயும் ஈரம் தங்கும் இடம்தான்.

கூடச் செய்து வைத்துக்கொள்ள வேண்டியவை

பெட்டியில் வராத இரண்டு டைகள்தான் இந்தக் கருவியின் மதிப்பை உயர்த்துபவை. ஒன்று, விளிம்பு மடிக்கும் மெல்லிய வட்டு. விளிம்பு 3 மிமீ ஆரத்துக்கு உருண்டிருக்க வேண்டும். இரண்டு, அதற்குக் கீழே போட பாலியூரித்தேன் உருளை. இந்த ஜோடியில் தகட்டை விட்டு, ஒவ்வொரு ஓட்டத்துக்கும் தகட்டைக் கையால் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கிக்கொண்டே போனால் வளைந்த ஓரத்திலும் 6 முதல் 10 மிமீ மடிப்பு விழும். மடிப்பு மெஷினால் இது முடியவே முடியாது, அதற்கு நேர்க்கோடுதான் தெரியும். ஒரே ஓட்டத்தில் தூக்க முயன்றால் ஓரம் சுருண்டு கிழியும். ஜேக்கப்ஸ், மொபெனி பக்கத்து லேத் பட்டறைகளில் உங்கள் ஷாஃப்டின் அளவைக் கொடுத்து, இஎன் 8 என்னும் நடுத்தரக் கார்பன் எஃகில் வட்டை இழைத்து வாங்கலாம். ஷாஃப்டை மைக்ரோமீட்டரில் அளந்து கொடுங்கள், 22 என்று வாயால் சொன்னால் தளர்வாக வரும் அல்லது நுழையவே நுழையாது.

மென்மையான அலுமினியத்தில் 1.6 மிமீ வரை இந்தக் கருவி சிரமமில்லாமல் உருட்டும். ஸ்டெயின்லெஸ் உருட்ட உருட்ட இறுகிக்கொண்டே போகும், 0.9 மிமீக்கு மேல் முயலாதீர்கள்.

யாருக்குத் தேவையில்லை

ஒரே ஒரு தகடு, அதில் இரண்டே வரி என்றால் இதை வாங்க வேண்டியதில்லை. 18 மிமீ எம்டிஎஃப் (அழுத்திய மரத்தூள்) பலகையில் ரவுட்டரால் 12 மிமீ பள்ளம் வெட்டி, விளிம்பை உருட்டிவிட்டு, தகட்டை அதன் மேல் இறுகப் பூட்டி, உருண்டை முனைக் கட்டையால் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டி இறக்கலாம். மெதுவான வேலை, ஆனால் மேட்டின் முனைகள் ரோலரைவிட அழகாக வரும். எஞ்சின் மவுண்ட், கியர்பாக்ஸ் கிராஸ்மெம்பர் போன்ற 5, 6 மிமீ பாகங்களுக்கும் இந்தக் கருவிக்கும் சம்பந்தமில்லை. அவற்றை வரைந்து லேசர் வெட்டும் பட்டறைக்குக் கொடுப்பதே நேரத்துக்கும் காசுக்கும் நல்லது.

கடையில் எடுப்பதாக இருந்தால் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். மேல் ஷாஃப்டின் முன்முனையைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். அரை மிமீக்கு மேல் ஆடினால் அந்தப் பெட்டி வேண்டாம். கைப்பிடியை ஒரு முழுச் சுற்றுச் சுற்றுங்கள். ஒரு இடத்தில் இறுகி ஒரு இடத்தில் தளர்ந்தால் ஷாஃப்ட் வளைந்திருக்கிறது, அதை வீட்டில் சரிசெய்ய முடியாது. டை ஒன்றை மாட்டி அதன் முகம் நடுங்காமல் சுற்றுகிறதா என்று பக்கத்திலிருந்து பாருங்கள், நடுங்கினால் துளை மையத்தில் இல்லை. சட்டம் வளைவது எல்லாப் பெட்டியிலும் இருக்கும், அதற்கு மருந்து உண்டு. இந்த மூன்றுக்கும் இல்லை, வேறு பெட்டியைக் கேளுங்கள்.